அக்கா ஏறாத பின் சீட்

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு மலரைச் சுறா எண்ணெயில் தொடங்குவது முறையல்ல என்று எனக்குத் தெரியும். ஆனால் இந்த மலரைக் கையில் வாங்கும் எத்தாளை ஊர்ச் சனம், அக்காவின் படத்தைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டதும், தம்பிக்காரன் அந்த எண்ணெய் விஷயத்தை எழுதியிருக்கிறானா என்றுதான் பக்கத்தைப் புரட்டும். தேடும் வேலையை மிச்சப்படுத்திவிடுகிறேன். ஓம், அக்காவின் பழைய ஒஸ்டின் காரின் பின் சீட்டுக்கு, காய்ந்து பலகையாய்ப் போன அந்தத் தோலுக்கு, வள்ளத்துக்குப் பூசுகிற சுறா எண்ணெயை இரண்டு கைகளாலும் அள்ளிப் பூசியவன் நான்தான். யாரும் என்னைத் தூண்டவில்லை. புத்தகம்தான் தூண்டியது.

நான் சிலாபத்தில் ஒரு வாசிகசாலையைப் பார்த்துக்கொள்பவன். வாசிக்க வருகிறவர்கள் குறைவு என்பதால் மிச்சத்தை நானே வாசிக்கிறேன். தோல் பதனிடுவோர் மீன் எண்ணெய் தேய்த்துத் தோலை இளக்குவார்கள் என்று ஒரு தடித்த புத்தகத்தில் இருந்தது. புத்தகத்தில் பிழை இல்லை. அது சொன்ன மீன் எங்கேயோ குளிர் கடலில் பிடிபட்டது. அதன் எண்ணெய் காய்ச்சித் தெளிவித்தது. நான் வாங்கிவந்த எண்ணெய் எங்கள் கரையில் ஒரு மீன் வாடியின் பின்புறம், தகரப் பீப்பாவில், வெயிலோடு வெயிலாகக் கிடந்தது. பூசி முடித்து, நன்றாக ஊறட்டும் என்று கண்ணாடிகளை ஏற்றிக் கதவுகளைப் பூட்டிவிட்டு வந்தேன். விடிந்து பார்த்தால் காரின் கூரை மேல் ஊர்ப் பூனைகள் கூட்டம் போட்டிருந்தன. காகங்கள் வேலியில் தங்கள் முறைக்குக் காத்திருந்தன. வீட்டுக்குள்ளே கட்டிலில் கிடந்த அக்கா கேட்டார்:

"தம்பி, காருக்குள்ள ஆர் செத்துக் கிடக்கிறது?"

அப்போது அக்காவால் எழுந்து நடக்க முடியாது. மருந்தின் வேகத்தில் பாண் துண்டின் வாசமே வயிற்றைப் புரட்டிக்கொண்டிருந்த காலம். அந்த நாற்றம் ஜன்னலால் வந்து அவரைப் பிடித்தது. அன்று முழுக்க அவர் எடுத்த வாந்திக்கு என் வாசிப்புத்தான் காரணம். சொல்லிவிட்டேன். இனி முறைப்படி பிறப்பிலிருந்து வருகிறேன்.

அக்கா குறிஞ்சிப்பிட்டியில் பிறந்தார். எங்கள் அப்பா களப்பில் வலை போடுவார், பருவத்துக்கு வெங்காயம் நடுவார். இரண்டு தொழிலும் சேர்ந்து ஒரு தொழிலின் வருமானத்தைக் கொடுத்தன. பிள்ளைகள் இருவர். அக்கா மூத்தவர், அவருக்கு நெடுங்காலம் கழித்து, வீட்டில் ஒருவரும் எதிர்பாராத நேரத்தில், நான். வெங்காயப் பாத்திக்குக் கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்த இடுப்பில்தான் என்னையும் சுமந்தார். அம்மாவுக்கு மூச்சிழுப்பு வருத்தம் இருந்ததால் அக்காவின் பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு நின்றது. அதை ஒரு தியாகம் என்று அந்த வீட்டில் யாரும் அழைக்கவில்லை. வேலைக்கு ஆள் தேவைப்பட்டது, அக்கா இருந்தார், அவ்வளவுதான்.

அவரைக் கலியாணம் முடித்த அத்தான் எத்தாளையைச் சேர்ந்தவர். அவரிடம் சொந்தமாக ஒரு கார் இருந்தது. வெளியே கறுப்பு, உள்ளே நாவற்பழ நிறத்தில் தோல் சீட். கலியாணப் பெண்களைக் கோயிலுக்கு ஏற்றிப்போவதும், தலவில புனித அன்னம்மாள் தேவாலயத் திருவிழாக் காலத்தில் யாத்திரிகர்களை ஏற்றி இறக்குவதும் அத்தானின் தொழில். தன் கலியாணத்துக்கு நாள் குறித்த பிறகுதான் அத்தானுக்கு ஞாபகம் வந்திருக்கிறது, அதே நாளில் மாம்புரியில் ஒரு பெண்ணுக்குக் காரை ஒப்புக்கொண்டிருந்தது. வாக்கு மாற அவருக்கு மனமில்லை. வேறொரு சாரதியிடம் காரைக் கொடுத்து அந்தப் பெண்ணுக்கு அனுப்பினார். அவளை இறக்கிவிட்டு வந்து அக்காவை ஏற்றுவதாகத்தான் ஏற்பாடு. வழியில் டயர் வெடித்தது. அக்கா நெடுநேரம் வாசலில் நின்று பார்த்துவிட்டு, கலியாணச் சேலையைக் கணுக்கால் அளவுக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மணலில் நடந்தே கோயிலுக்குப் போனார். பக்கத்தில் குடை பிடித்துப் போனவன் நான். குடையை எனக்குத்தான் அதிகம் பிடித்தேன் என்று அக்கா கடைசிவரை சொல்லுவார்.

கலியாணத்துக்குப் பிறகு எங்கே போனாலும் அக்கா முன்னுக்கு, அத்தானுக்குப் பக்கத்தில். பின் சீட், வாடகை கொடுத்து ஹயருக்கு வருகிறவர்களுக்கு. இது யாரும் போட்ட சட்டம் இல்லை. ஆனால் சட்டங்களைவிட இப்படியானவைதான் நீண்ட நாள் நிற்கின்றன.

அக்காவின் ஒரே மகள், என் மருமகள் ஸ்டெல்லா சின்ன வகுப்பில் படிக்கும்போது அத்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டியரிங்கில் சாய்ந்தார். கார் நின்றிருந்தது, ஹான்ட்பிரேக் போட்டிருந்தது. எதிலும் ஒழுங்கான மனிதர். காரை விற்கச் சொல்லிச் சொந்தங்கள் எல்லாம் வந்து கதைத்தார்கள். அக்கா எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்தார். அதற்குப் பிறகு, அத்தானின் காலத்திலிருந்தே காருக்கு வேலை செய்துவந்த மெக்கானிக் ரிஸ்வான் நானாவிடம் போய்க் கார் ஓடப் பழக்கச் சொன்னார். நானா அவரைக் களப்பு வற்றிய வெளிக்குக் கூட்டிப்போனார். இடிக்க அங்கே எதுவும் இல்லை என்பதுதான் காரணம். தங்கள் முஸ்லிம் வழக்கப்படி அவர் அக்காவை ராத்தா என்பார், அக்கா அவரை நானா என்பார்.

"ராத்தா, நீங்க பிரேக்க மிதிக்கிறீங்க இல்ல. தரைய மிதிக்கிறீங்க."

"தரை எங்க இரிக்குதெண்டு தெரிஞ்சாத்தானே நானா நிப்பாட்டலாம்."

அனுமதிப்பத்திரம் கிடைத்தது. ஹயர் கிடைக்கவில்லை. புருஷனை இழந்தவள் ஓட்டுகிற காரில் கலியாணப் பெண்ணை ஏற்றுவதா என்று ஊர் தயங்கியது. அந்த வருடம் முழுவதும் அக்கா காரைத் துடைத்துத் துடைத்து வைத்தார். வாசலுக்கு ஒருவரும் வரவில்லை. ஒரு நாள் பக்கத்து ஊரில் ஒரு கலியாண வீட்டுக்குப் பேசியிருந்த வான் காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை. வேறு வழியில்லாமல் அக்காவிடம் ஓடிவந்தார்கள். பெண்ணின் தாய் காருக்குப் பக்கத்தில் நின்று முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். அக்கா கண்ணாடியில் பார்த்துச் சொன்னது இன்றைக்கும் அந்தப் பக்கத்தில் கதைக்கப்படுகிறது: "உங்கட மகள் என்ட முகத்தப் பாக்க வேண்டியதில்ல. நான் முன்னுக்கு இருக்கிறன், முதுகுதான் தெரியும்."

அந்தப் பெண்ணுக்குப் பத்தாம் மாதம் ஆண் பிள்ளை பிறந்தது. அதற்குப் பிறகு அக்காவுக்கு ஓய்வில்லை. ஊரின் அறிவு அப்படித்தான் வேலை செய்யும்; அதை நான் குறை சொல்லவில்லை, அதனால்தான் ஸ்டெல்லா படித்தாள்.

கோயிலுக்குப் போகும் வழியில் பின் சீட்டில் பெண்கள் அழுவார்கள். அக்கா கண்ணாடியில் பார்ப்பார். "அழுறதெண்டா தோப்புத் தாண்டுறதுக்குள்ள அழுது முடி பிள்ள. அங்கால படம் எடுக்க நிப்பாங்க." இந்த அளவுக்கு மேல் ஆறுதல் சொல்லி நான் கேட்டதில்லை.

இனிச் சீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோல் ஒரே நாளில் பலகையாவதில்லை. யுத்த காலத்தில் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் பின் சீட்டைக் கழற்றி வெளியே போட்டுக் கீழே பார்ப்பார்கள். சீட் வெயிலில் கிடக்கும். ஒரு முறை மழை வந்தபோது அக்கா தன் குடையைச் சீட்டுக்குப் பிடித்துக்கொண்டு நனைந்தார். சாவடியில் நின்ற ஆமிக்காரப் பொடியன் சிரித்தானாம். அதைவிடப் பெரிய சேதத்தைச் செய்தது பக்தி. தலவிலைக்குப் போகிற சனம் பூசை முடிந்ததும் கடலில் இறங்கிக் குளிக்கும்; ஈர உடுப்போடு வந்து காரில் ஏறும். அக்கா பாய் விரிப்பார். பாய் எவ்வளவைத்தான் குடிக்கும். "கோயிலுக்கு வந்த சனத்த ஈரமெண்டு இறக்கிவிட ஏலுமா?" என்பார். அப்படி வருடக்கணக்காய் உப்புக் குடித்த தோல் அது. பிறகு நாட்டில் பெற்றோல் இல்லாத வருடம் வந்தது. கார் வேலி ஓரத்தில் தகரப் பந்தலுக்குக் கீழ் நின்றது. அந்த வெக்கையில் மிச்ச உயிரும் போய், விரலால் தட்டினால் கதவைத் தட்டிய சத்தம் கேட்டது. ஜன்னல் பக்கத்தில் தோல் வெடித்து, ஓரங்கள் கத்தி மாதிரி நிமிர்ந்து நின்றன.

கார் நின்ற வருடத்துக்குப் பின் அக்காவும் நின்றார். முதலில் முதுகு வலி என்றார்கள். சாரதிகளுக்கு வருவதுதான் என்று நானும் ஒரு புத்தகத்தைப் பார்த்துச் சொன்னேன். கொழும்பில் படம் எடுத்துப் பார்த்தபோது புற்றுநோய் முள்ளந்தண்டுக்கு வந்துவிட்டிருந்தது. டொக்டர் எங்களை வெளியே கூப்பிட்டுச் சொன்னதை அக்கா உள்ளே இருந்தே விளங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் ஸ்டெல்லாவையும் என்னையும் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கச் சொன்னார்.

"நான் ஒரு விசயம் கேக்கப்போறன். சிரிக்கக் கூடாது."

நாங்கள் சிரிக்கும் நிலையில் இல்லை.

"இவ்வளவு காலமும் தலவிலத் திருவிழாவுக்குச் சனத்தக் கொண்டுபோய் இறக்கியிருக்கிறன். ஒரு முறையாவது திருவிழாப் பூசைக்கு உள்ளுக்குப் போனதில்ல. காரைப் பாத்துக்கொண்டு மரத்துக்குக் கீழ நிண்டதுதான். இந்த முறை நான் ஹயர் போற ஆள். பின் சீட்டில இருந்து போவன். உள்ளுக்குப் போய் முன்னுக்கு இருந்து பூசை காணுவன்."

அவர் சொன்னது உண்மை. திருவிழா நாளில் சாரதிகள் காரை விட்டு அசைய மாட்டார்கள். ஒலிபெருக்கியில் வருகிற பூசைதான் அவர்களுக்கு. அக்காவும் சாரதிதானே. ஆனால் நான் பிறந்த நாளில் இருந்து அவருடைய தம்பியாக இருந்தும் இதை அதுவரை கணக்கில் எடுத்ததில்லை.

ரிஸ்வான் நானா வந்து பார்த்தார். எஞ்சினை ஓடவைக்கலாம் என்றார். சீட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, சரிவராது என்று தலையை ஆட்டினார். அக்கா மெலிந்து எலும்பாய்ப் போயிருந்தார். நல்ல மெத்தையிலேயே திருப்பிப் படுக்கவைக்கும்போது முனகுவார். அந்தப் பலகையில் ஏற்றிப் புத்தளம் றோட்டில் கொண்டுபோவது நடக்காத காரியம்.

"ராத்தா, என்ட மச்சான்ட வான் இரிக்கிது. ஏசி. மெத்த மாதிரி சீட்டு."

"ஐசுக்குள்ள வச்சுக் கொண்டுபோக நான் என்ன மீனா நானா?"

"அப்ப ரெக்சின் போடுவம். உள்ளுக்குப் பஞ்சு வச்சு, புதுசா."

"புதுச் சீட்டில இருக்கிறதெண்டா நான் பஸ்ஸில போகலாம். எனக்கு அந்தச் சீட்தான் வேணும். ஊர்ப் பொம்பிளயள் எல்லாம் இருந்த சீட்."

அப்படித்தான் அந்தத் தோலை இளக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. திருவிழா ஆவணியில். சுறா எண்ணெயில் நான் எப்படிப் பிரகாசித்தேன் என்பதை முன்பே சொல்லிவிட்டேன்.

அந்த நாற்றத்துக்குப் பிறகு ஸ்டெல்லா பள்ளிக்கூடத்தில் லீவு போட்டுவிட்டு வந்து வாசலில் நின்றாள். அவள் சிறுபிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற ரீச்சர். அதே குரல் எனக்கும் கிடைத்தது.

"மாமா, கடலால பழுதாப்போன சாமான, கடலாலயே சரிக்கட்டலாமெண்டு எப்பிடி நினைச்சீங்க?"

"புத்தகத்தில..."

"புத்தகத்த மூடுங்க. சீட்டக் கழட்டுங்க."

கழற்றினோம். பின் சீட் மொத்தமாய் மேலே தூக்க வந்துவிடும். தோலைப் பிடித்திருந்த கம்பிகளையும் ஆணிகளையும் ஒவ்வொன்றாய் நிமிர்த்தி எடுத்தோம். உள்ளே ஸ்பிரிங், தும்பு, யாரோ ஒரு மணப்பெண்ணின் ஒற்றைக் காதணி, காய்ந்த பூ, ஒரு ஜெபமாலை மணி. தோலைப் பாயில் விரித்துப் பிள்ளைகளுக்குப் போடும் சோப்பும் இளஞ்சூட்டுத் தண்ணீருமாகத் துணியால் துடைத்துத் துடைத்து எடுத்தோம். முதலில் சுறா போனது. பிறகு சோதனைச் சாவடிகளின் புழுதி போனது. நிழலில் காயவைத்தபோது மேலே வெள்ளையாய் உப்புப் பூத்தது. மறுபடி துடைத்தோம். மறுபடி பூத்தது. எத்தனை திருவிழாவின் கடல் அதற்குள் இருந்ததோ தெரியாது.

என்ன பூசுவது என்ற கேள்விக்கு விடை அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது. படுக்கைப் புண் வராமல் இருக்க ஸ்டெல்லா அவருக்கு முதுகில் தேய்க்கிற மஞ்சள் களிம்பு. செம்மறி ஆட்டு மயிரில் எடுக்கிற கொழுப்பு அது. அதே கொழுப்பைத் தோலுக்கும் தேய்ப்பார்கள் என்று புத்தகத்தில் இருந்தது. இந்த முறை நான் புத்தகத்தின் பெயரைச் சொல்லாமல், அதை என் சொந்த யோசனை மாதிரிச் சொன்னேன். ஸ்டெல்லா பாமசியில் பெரிய டப்பாவாக வாங்கிவந்தாள்.

வேலை இப்படி நடந்தது. விறாந்தையில் தோலைக் குப்புறப் போட்டு, உட்புறத்தில், களிம்பை உள்ளங்கைச் சூட்டில் இளக்கி மெல்லிசாய்த் தேய்க்க வேண்டும். மேற்புறத்தில் பூசினால் வழுக்கிக்கொண்டு நிற்கும், உள்ளே இறங்காது. தேய்த்தபின் கறுப்புப் பொலித்தீனில் சுற்றி, நேர் வெயில் படாத சூட்டில் வைத்துவிட்டு, அடுத்த நாள் பிரித்துப் பார்க்க வேண்டும். அவசரப்பட்டு மடித்தால் அப்பளமாய் உடையும். விறாந்தையில் நான் தோலின் முதுகைத் தேய்ப்பேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஸ்டெல்லா தாயின் முதுகைத் தேய்ப்பாள். ஒரே டப்பா, ஜன்னல் விளிம்பில் இருக்கும்.

"தம்பி, எனக்கும் கொஞ்சம் மிச்சம் வை."

"உங்களுக்குத்தான் அக்கா முதலில."

"பொய். காருக்குத்தான் கூட வழிக்கிறாய். சத்தம் கேக்குது."

நாள்கள் போகப் போகத் தோல் வளையத் தொடங்கியது. முதலில் ஓரங்கள், பிறகு நடு. ஒரு காலையில் அதை ரொட்டி மாதிரி மடித்து ஜன்னலுக்கு உயர்த்திக் காட்டினேன். அக்கா கையை நீட்டித் தொட்டுப் பார்த்தார். அதே நாள்களில் அவருடைய தோள் எலும்புக்கு மேல் தோல் மெல்லிசாகிக்கொண்டே போனது. களிம்பு ஒரு பக்கம்தான் வேலை செய்தது.

ஜன்னல் பக்கத்து வெடிப்பு மட்டும் மசியவில்லை. வெட்டி எடுத்து வேறு தோல் வைத்துத் தைக்க வேண்டும். அதே பழைய தோலுக்கு எங்கே போவது என்று ஸ்டெல்லாவும் நானும் கதைத்துக்கொண்டிருந்தது உள்ளே கேட்டிருக்கிறது.

"டிரைவர் சீட்டில வெட்டுங்க," என்றார் அக்கா. "இனி அதில ஆர் இருக்கப்போறா."

"நான்தானே அக்கா ஓடப்போறன்."

"நீ ஓடுற ஓட்டத்துக்கு வெறும் பலகையே காணும்."

சாரதி சீட்டின் முதுகுப் பக்கத்தில் அளவெடுத்து வெட்டினேன். கத்தி இறங்கும்போது ஜன்னலுக்கு உள்ளே அக்கா முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். ஸ்டெல்லா தைத்தாள். திருவிழாவுக்கு முதல் நாள் சீட்டைக் காரில் பூட்டினோம். நிறம் அங்கங்கே வேறாகி, தையல் தெரிந்து, பார்க்க ஒரு காயம் ஆறின மாதிரி இருந்தது. ஆனால் கை வைத்தால் கை இறங்கியது.

திருவிழா அன்று காலையில் நானாவும் அயலாரும் அக்காவைப் பாயோடு தூக்கிவந்து பின் சீட்டில் படுக்கவைத்தார்கள். வெள்ளைச் சேலை உடுத்தியிருந்தார். பூசைக்கு உள்ளே கொண்டுபோகக் கன்னியர் மடத்தில் கேட்டு வாங்கிய சக்கர நாற்காலியை டிக்கியில் வைத்துக் கட்டினோம். நான் ஓட்டினேன். முதல் பள்ளத்தில் "ரெண்டாம் கியர்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அடுத்த வளைவில் "ஹோர்ன்". அதற்குப் பிறகு குரல் வரவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். கன்னத்தைத் தோலில் வைத்து, ஒரு உள்ளங்கையைச் சீட்டில் விரித்து வைத்தபடி, அக்கா நித்திரை.

தலவிலையில் சனம் மணலும் தெரியாமல் நிறைந்திருந்தது. பொலிஸ் காட்டிய இடத்தில் காரை விட்டேன். தலையை உயர்த்திப் பார்த்தால், வழக்கமாய் அக்கா காரை விடுகிற மரம். பூசைக்கு முதல் மணி அடித்தது. ஸ்டெல்லா சக்கர நாற்காலியை விரித்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். மாதக்கணக்காய் அவர் அப்படி நித்திரை கொண்டு நாங்கள் பார்த்ததில்லை. நெற்றியில் சுருக்கம் இல்லை. முனகல் இல்லை.

"எழுப்புவமா மாமா?"

"கொஞ்சம் பொறுப்பம்."

வாசகம் முடிந்தது. "இப்ப எழுப்புவமா?" பிரசங்கம் முடியட்டும் என்றேன். பிரசங்கம் முடிந்தபோது காணிக்கைப் பாட்டு முடியட்டும் என்றேன். கதவைப் பிடித்தபடி நின்று, ஒலிபெருக்கியில் வந்த பூசையை அக்காவுக்குப் பதிலாக நாங்கள் இருவரும் மரத்துக்குக் கீழே கண்டோம். நாற்காலியில் சருகு விழுந்துகொண்டிருந்தது.

சனம் கலைகிற சத்தத்தில் அக்கா கண் விழித்தார்.

"பூசை முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது அக்கா."

"எல்லாரும் ஏறிட்டாங்களா?"

அப்படித்தான் கேட்டார். பிறகு சுற்றிப் பார்த்தார். தான் எங்கே இருக்கிறார் என்பது அவருக்கு மெல்ல விளங்கியது. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையை அசைத்தார். ஸ்டெல்லா ஓடிப்போய்த் தீர்த்தம் கொண்டுவந்து நெற்றியில் வைத்தாள். திரும்பி வரும்போது அக்கா ஒரு வார்த்தைதான் கதைத்தார்: "பின்னுக்கு இருந்தா றோட்டுத் தெரியுதில்ல தம்பி. இவ்வளவு காலமும் அந்தச் சனம் என்னத்தப் பாத்துக்கொண்டு வந்ததோ."

அடுத்த மாதம், விடியற்காலையில், ஸ்டெல்லாவின் கை தன் முதுகில் இருக்கையில் அக்கா எங்களை விட்டுப் பிரிந்தார். பங்குத்தந்தை முந்திய நாளே வந்து நோயில் பூசுதல் என்னும் கடைசித் தைலம் பூசியிருந்தார். சேமக்காலைக்கு அடக்கம் செய்யப் போகும்போது பிரேத வண்டிக்குப் பின்னால் ரிஸ்வான் நானா அந்தக் காரை ஓட்டிவந்தார். பின் சீட்டில் யாரையும் ஏற்றவில்லை. நாங்கள் சொல்லவும் இல்லை, அவர் கேட்கவும் இல்லை.

அன்றைக்கு வந்திருந்த பெண்களில் பலர் என்னிடம் வந்து, தாங்களும் அந்தக் காரில்தான் கோயிலுக்குப் போனதாகச் சொன்னார்கள். சிலருக்குப் பேரப்பிள்ளைகள் கையில். சிலரின் கலியாணம் நன்றாக அமையவில்லை என்பது எனக்குத் தெரியும். அவர்களும் அதையே சொன்னார்கள். அத்தனை பேருக்கும் எங்கள் நன்றி. அக்கா நோயில் கிடந்த நாள்களில் கஞ்சி கொண்டுவந்த அயல் வீட்டார், நாற்காலி தந்த கன்னியர், வீட்டுக்கு வந்து பார்த்த தாதி, பாயின் நான்கு மூலையையும் பிடித்த கைகள், எஞ்சினையும் எங்களையும் ஓடவைத்த ரிஸ்வான் நானா, எல்லோருக்கும் நாங்கள் கடமைப்பட்டவர்கள். பெயர் விடுபட்டவர்கள் என்னை நேரில் கண்டு ஏசலாம். வாசிகசாலை ஞாயிறு தவிர்ந்த நாள்களில் திறந்திருக்கும், அங்கே தொந்தரவு செய்ய வேறு ஆள் இருக்காது.

அக்காவைப் பூசைக்கு உள்ளே கொண்டுபோகாமல் விட்டது சரியா என்று இந்த ஒரு வருடமும் யோசித்திருக்கிறேன். அவர் கேட்டது ஒன்று. நாங்கள் கொடுத்தது வேறொன்று. அந்தத் தோலில் அவர் ஒரு பூசை நேரம் வலியில்லாமல் நித்திரை கொண்டார் என்பதை மட்டும் ஆறுதலாக வைத்திருக்கிறேன். வாழ்க்கையில் நான் கையால் செய்த ஒரே உருப்படியான வேலை அது.

இப்படி எழுதி முடித்து, அச்சுக்குக் கொடுக்க முன் ஸ்டெல்லாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டாள்.

"சீட்டப் பத்தி எழுதினது இருக்கட்டும் மாமா," என்றாள். "ஆனா திருவிழா அண்டைக்கு வெளிக்கிடக்குள்ள அம்மா நித்திரை வாற வலிக் குளிசை ரெண்டு கேட்டு வாங்கிப் போட்டவ. தம்பி ஓடுற காருக்கு ஒண்டு காணாதாம்."